பாதிப் பழுது

1920-களின் தொடக்கத்தில், பெர்லின் நகரின் டாலெம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் உயிரியல் நிறுவனத்தில், ஓட்டோ வார்பர்க் எலிகளின் புற்றுக்கட்டிகளைச் சவரக்கத்தியால் சீவி ஆராய்ந்துகொண்டிருந்தார். சீவல் அரை மில்லிமீட்டரைவிட மெலிதாக இருக்க வேண்டும். கொஞ்சம் தடித்தாலும் நடுவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது, கணக்கு பொய்த்துவிடும். சீவலை உப்புக் கரைசல் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குடுவையில் போட்டு, உடல் சூட்டில் வைத்த நீர்த்தொட்டிக்குள் குடுவையை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். குடுவையோடு ஒரு வளைந்த குழாய் இணைந்திருக்கும்; அதில் கொஞ்சம் திரவம் நிற்கும். திசு ஆக்சிஜனை உறிஞ்சினால் குடுவைக்குள் அழுத்தம் குறையும், திரவம் ஒரு பக்கம் நகரும். திசு லாக்டிக் அமிலத்தைக் கசியவிட்டால் அது கரைசலில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், திரவம் மறுபக்கம் நகரும். ஒரு துளித் திசு எப்படி மூச்சுவிடுகிறது என்பதை அந்தத் திரவத்தின் ஏற்ற இறக்கத்தில் படித்துவிடலாம்.

ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு வந்தால் நம் உடம்பின் எந்தச் செல்லும் குளுக்கோஸைப் பாதியில் உடைத்து லாக்டிக் அமிலமாக்கும். வேகமாக ஓடும்போது நம் தசைகளில் நடப்பதும் இதுதான். ஆக்சிஜன் கிடைத்ததும் அந்தக் குறுக்குவழி அடைபட்டு, முழுச் சுவாசம் தொடங்கும். வார்பர்க்கின் புற்றுச் சீவல்கள் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை. குடுவை நிறைய ஆக்சிஜன் இருந்தும் அவை லாக்டிக் அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தன.

உயிருள்ள உடம்பிலும் இப்படித்தானா என்று 1925-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி சோதித்தார்கள். ஒற்றைச் சிறகில் மட்டும் கட்டி வளர்ந்த கோழியின் இரு சிறகுகளிலிருந்தும் திரும்பி வரும் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். கட்டி இருந்த சிறகின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது. லாக்டிக் அமிலம் கூடியிருந்தது. ஒரே கோழி, ஒரே இதயம், இரண்டு சிறகுகள். வேறு விளக்கத்துக்கு இடமில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு இன்றும் ஆஸ்பத்திரிகளில் தினமும் பயன்படுகிறது. பெட் ஸ்கேன் எடுக்கும்போது நோயாளியின் ரத்தத்தில் ஏற்றப்படுவது கதிரியக்க ஃபுளோரின் ஒட்டிய குளுக்கோஸ். அதை அளவுக்கு மீறி இழுத்துக்கொள்ளும் இடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. மூளையும் சிறுநீர்ப்பையும் இயல்பாகவே ஒளிரும். அவை தவிர எதிர்பாராத இடத்தில் தெரியும் ஒளியைத்தான் மருத்துவர் உற்றுப் பார்ப்பார்.

கண்டது சரி, சொன்ன காரணம் தவறு

செல்லுக்குள் முழுச் சுவாசம் நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியா. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பாதியில் உடைத்தால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2 கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பி முழுவதும் எரித்தால் ஏறக்குறைய 30 கிடைக்கும். இவ்வளவு லாபத்தை ஒரு செல் ஏன் கைவிட வேண்டும்? மைட்டோகாண்ட்ரியா மீளவே முடியாதபடி கெட்டுப்போனதால்தான் என்றார் வார்பர்க். அந்தச் சேதமே புற்றுநோயின் மூலகாரணம் என்று 1956-இல் ‘சயின்ஸ்’ இதழில் அடித்துச் சொன்னார். அவருக்கு 1931-இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தக் கருத்துக்காக என்று பலரும் எழுதுகிறார்கள். அது பிழை. சுவாச நொதியின் இயல்பையும் அது இயங்கும் விதத்தையும் கண்டறிந்ததற்காகத்தான் அந்தப் பரிசு.

அதே 1956-இல் அதே இதழில் சிட்னி வைன்ஹவுஸ் மறுப்பு எழுதினார். புற்றுச்செல்கள் லாக்டிக் அமிலத்தைக் கொட்டுவது உண்மைதான். ஆனால் அவை ஆக்சிஜனையும் நன்றாகவே உட்கொள்கின்றன, சுவாசம் நின்றுவிடவில்லை என்று அளவீடுகளோடு காட்டினார். பிற்கால ஆய்வுகள் அவர் பக்கமே நின்றன. பெரும்பாலான புற்றுக்கட்டிகளில் மைட்டோகாண்ட்ரியா உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. வேலையின் போக்குதான் மாறியிருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஏடிபி மட்டும் போதாது. புதிய சவ்வு, புதிய புரதம், புதிய டிஎன்ஏ கட்டக் கச்சாப்பொருள் வேண்டும். குளுக்கோஸை முழுக்க எரித்துவிட்டால் அந்தக் கச்சாப்பொருள் கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும்.

அப்படியானால் மைட்டோகாண்ட்ரியாவின் பழுதுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது வார்பர்க் நினைத்த மாதிரியான பழுது இல்லை.

கழுத்தில் ஒரு கட்டி

நம் கழுத்தின் இரு பக்கமும், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. கரோட்டிட் உறுப்பு என்று பெயர். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்று கண்காணிப்பதே அதன் வேலை. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில், ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் தலைமுறைகளாக வாழ்பவர்களுக்கு இந்த உறுப்பு பெருத்திருக்கும். அதில் கட்டி வருவதும் சமவெளியைவிட அதிகம்.

கடல் மட்டத்திலேயே வாழும் நெதர்லாந்துக்காரர்கள் சிலருக்கும் குடும்பம் குடும்பமாக இதே கட்டி வந்தது. அதில் ஒரு விசித்திரம்: குறைபாடு தகப்பனிடமிருந்து வந்தால் நோய் வரும், தாயிடமிருந்து வந்தால் ஏறக்குறைய வராது. 2000-ஆம் ஆண்டில் காரணம் பிடிபட்டது. எஸ்டிஹெச்டி என்ற மரபணுவில் திடீர்மாற்றம். சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு அது. மரபணு இருப்பது செல்லின் உட்கருவில். நொதி வேலை செய்வதோ மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில்.

இந்த நொதி படுத்துவிட்டால், அது பதப்படுத்த வேண்டிய சக்சினேட் தேங்கும். தேங்கிய சக்சினேட் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே கசியும். செல்லுக்குள் ஹிஃப் என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை வேறு சில நொதிகள் ஹிஃப்பை அடையாளமிட்டு அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்று, ஹிஃப் குவிந்து, புதிய ரத்தக்குழாய்களை வளர்க்கும் மரபணுக்களையும் சர்க்கரையை இழுக்கும் மரபணுக்களையும் முடுக்கிவிடும். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். கசிந்த சக்சினேட் அந்த அழிக்கும் நொதிகளின் வாயை அடைத்துவிடுகிறது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருந்தும், ஆண்டிஸ் உச்சியில் மூச்சுத் திணறுவதைப் போலவே செல் நடந்துகொள்கிறது. ரத்தக்குழாய்களை வரவழைக்கிறது, பெருகுகிறது.

ஃபியூமரேட் ஹைட்ரடேஸ் என்ற இன்னொரு நொதி கெட்டால் ஃபியூமரேட் தேங்கும். அந்தக் குடும்பங்களில் கருப்பைத் தசைக்கட்டிகளும் மூர்க்கமான சிறுநீரகப் புற்றும் வருகின்றன. ஐடிஹெச்2 என்ற நொதியில் திடீர்மாற்றம் வந்தால் கதை இன்னும் ஒரு படி போகிறது. அது வேலையை நிறுத்துவதில்லை. மாறாக, 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற வேண்டாத பொருளை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. அந்தப் பொருள் டிஎன்ஏ மீதுள்ள வேதிக் குறிகளை நீக்கவிடாமல் தடுக்க, ரத்தம் உருவாக்கும் செல்கள் முதிர்ச்சி அடையாமலே பெருகி ரத்தப் புற்றாகின்றன. மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி கெட்டால் அதன் செய்தி உட்கருவரை போகிறது என்பதற்கு இவை மூன்றும் சாட்சி.

முழுப் பழுதும் பாதிப் பழுதும்

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாகவும் டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். அவற்றில் 13 மட்டுமே புரதங்களை உருவாக்குபவை. அந்த 13-ம், முழுச் சுவாசத்தை நடத்தும் நொதித் தொடரான சுவாசச் சங்கிலியின் உறுப்புகள். ஒரே செல்லில் இந்த டிஎன்ஏயின் நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான பிரதிகள் இருப்பதால், சிலவற்றில் மட்டும் பிழை இருப்பதும் சாதாரணம். எத்தனை பிரதிகள் கெட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தே விளைவு அமையும்.

சிறுநீரகத்தில் வரும் ஆங்கோசைட்டோமா என்ற கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்க மைட்டோகாண்ட்ரியா அடைந்து கிடக்கும். ஆனால் அவற்றின் சுவாசச் சங்கிலியின் முதல் கண்ணி பெரும்பாலும் செயலிழந்திருக்கும். இவ்வளவு மோசமான மைட்டோகாண்ட்ரியாவைச் சுமக்கும் இந்தக் கட்டி கொடியதாக இருக்க வேண்டுமே? இல்லை. மெதுவாக வளரும், பரவாது, மிகப் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் தெரிந்தது. ஜுன்-இச்சி ஹயாஷியின் குழு எலியின் நுரையீரல் புற்றிலிருந்து இரண்டு வகைச் செல்களை எடுத்துக்கொண்டது. ஒன்று அதிகம் பரவாதது, மற்றது எளிதில் பரவுவது. உட்கருக்களை அப்படியே வைத்துக்கொண்டு மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏயை மட்டும் இரண்டுக்கும் இடையே மாற்றினார்கள். பரவாத செல் பரவத் தொடங்கியது. பரவிய செல் அடங்கிப்போனது. பரவும் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஒரு பிழை இருந்தது. சங்கிலி அறுந்துபோகவில்லை, ஆனால் எலெக்ட்ரான்கள் வழியில் சிந்தி, ஆக்சிஜனோடு சேர்ந்து, வினைத்திறன் மிகுந்த மூலக்கூறுகளை உண்டாக்கின. அவையே செல்லைப் பரவத் தூண்டின. 2008-இல் வெளியான இந்த ஆய்வு, பிழை மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் இருந்தாலும் புற்றின் குணம் மாறும் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது.

எஞ்சின் அடியோடு நின்றுபோன லாரி பட்டறையை விட்டு நகராது. பாதி பழுதான லாரிதான் கரும்புகை கக்கிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும். புற்றுநோயின் வளர்ச்சியில் ஆபத்தானது இந்தப் பாதிப் பழுதுதான்.

மைட்டோகாண்ட்ரியா முழுக்கச் செத்தால் புற்று என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். நியூசிலாந்தின் வெலிங்டனில், மைக்கேல் பெரிட்ஜ் பங்குகொண்ட குழு ஒன்று, புற்றுச்செல்களின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏயை முற்றிலும் நீக்கி எலிகளுக்குள் செலுத்தியது. கட்டி உடனே வளரவில்லை. நெடுநாள் தாமதித்து வளர்ந்தபோது எடுத்துச் சோதித்தால், அந்தச் செல்களுக்குள் எலியின் சொந்த மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இருந்தது. இல்லாததைப் பக்கத்துச் செல்களிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகே புற்று வளர்ந்திருக்கிறது. 2015-இல் இது வெளியானது. ஆற்றலுக்காக வாங்கியது என்று தோன்றும். தொடர்ந்து நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. டிஎன்ஏ கட்டத் தேவையான பிரிமிடின்களைத் தயாரிக்கும் ஒரு நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் உட்கார்ந்திருக்கிறது. சுவாசச் சங்கிலி ஓடினால்தான் அதுவும் ஓடும்.

சாக மறுக்கும் செல்

மருந்து ஏன் பலிக்காமல் போகிறது என்ற கேள்விக்கு விடை தேட மைட்டோகாண்ட்ரியாவின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டும். கீமோதெரபி மருந்துகளில் பலவும் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. டிஎன்ஏயைச் சேதப்படுத்தி, செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்படி செய்கின்றன. அந்த முடிவு எடுக்கப்படும் இடம் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு. அங்கே துளைகள் விழுந்தால், உள்ளே சுவாசத்துக்கு உதவிக்கொண்டிருந்த சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கொட்டும். வெளியே வந்ததும் அதுவே செல்லைத் துண்டாடும் நொதிகளை எழுப்பிவிடும். உள்ளே இருக்கும்வரை உயிர் காப்பது, வெளியே வந்தால் உயிர் எடுக்கிறது. இதை 1996-இல் ஷியாவோடாங் வாங்கின் ஆய்வுக்கூடம் வெளிப்படுத்தியபோது பலர் நம்பத் தயங்கினார்கள்.

துளை போடுபவை பாக்ஸ், பாக் என்ற புரதங்கள். அவற்றைப் பிடித்து நிறுத்துபவை பிசிஎல்-2 போன்ற புரதங்கள். லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுகளில் சில வகைகளில், இரண்டு குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டியதால் பிசிஎல்-2 அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது. அது செல்லைப் பெருகவைப்பதில்லை, சாகவிடாமல் தடுக்கிறது என்பதை 1988-இல் மெல்போர்னின் வால்ட்டர் அண்ட் எலிசா ஹால் நிறுவனத்தில் டேவிட் வோ, சுசான் கோரி, ஜெரி ஆடம்ஸ் ஆகியோர் கண்டார்கள். கீமோதெரபிக்குச் சில புற்றுகள் கரைவதும் சில அசையாமல் நிற்பதும் ஏன் என்பதற்கு இதில் விடை உண்டு. மைட்டோகாண்ட்ரியா ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் செல், மருந்து சற்றே தள்ளியதும் விழுந்துவிடும். பிசிஎல்-2 வகைப் புரதங்களால் இறுகக் கட்டப்பட்ட செல், எவ்வளவு மருந்து ஏற்றினாலும் நிற்கும்.

பிசிஎல்-2-இன் பிடியைத் தளர்த்தும் மருந்தே வெனிடோகிளாக்ஸ். நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வேகமே ஆரம்பத்தில் பிரச்சினையானது. ஒரேயடியாகக் கோடிக்கணக்கான செல்கள் செத்து, அவற்றின் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் ரத்தத்தில் கொட்ட, தொடக்க ஆய்வுகளில் உயிரிழப்பும் நேர்ந்தது. அதனால்தான் இன்று 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரம் ஒரு படியாக ஏற்றி, ஐந்தாவது வாரத்தில் 400-ஐ எட்டுகிறார்கள். கடுமையான மைலாய்டு ரத்தப் புற்றில், தீவிர கீமோதெரபியைத் தாங்க முடியாத நோயாளிகளுக்கு அசாசிட்டிடின் என்ற மருந்தோடு இதைச் சேர்த்துக் கொடுத்தபோது, நோயாளிகளில் பாதிப்பேராவது உயிரோடிருந்த காலம் 9.6 மாதத்திலிருந்து 14.7 மாதமாக உயர்ந்தது.

புற்று இதற்கும் வழி கண்டுபிடித்தது. பிசிஎல்-2-இல் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி மருந்து உட்காரும் பள்ளத்தைத் தூர்த்துக்கொண்ட செல்கள் உண்டு. எம்சிஎல்-1 என்ற அதன் பங்காளிப் புரதத்தைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கும் செல்களும் உண்டு.

மருந்துப் புயலில் மிஞ்சியவை

கடுமையான கீமோதெரபிக்குப் பிறகும் பல சமயம் சில செல்கள் மிஞ்சும். பிறகு நோய் திரும்புவது அவற்றிலிருந்துதான். அந்த மிச்சத்தை ஆராய்ந்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது. பிரான்சின் துலூஸ் நகரில் நடந்த ஆய்வில், சைட்டராபின் மருந்துக்குத் தப்பிய ரத்தப் புற்றுச்செல்கள் மைட்டோகாண்ட்ரியாவை மற்றவற்றைவிட அதிகமாக ஓட்டிக்கொண்டிருந்தன. கணையப் புற்றில், வளர்ச்சியைத் தூண்டும் கேராஸ் மரபணுவை அணைத்தபோது தப்பிய செல்களும் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே பிழைத்தன. வார்பர்க் செத்ததாகச் சொன்ன உறுப்பே ஆபத்துக் காலத்தில் புற்றின் புகலிடமாகிறது.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மருந்தை வெளியே தள்ளும் பம்புப் புரதங்கள் ஏடிபியைத் தின்றுதான் ஓடுகின்றன. சேதமான டிஎன்ஏயைச் சரிசெய்யவும் ஏடிபி வேண்டும். தானே போதவில்லை என்றால் புற்றுச்செல் கடன் வாங்கவும் தயங்காது. எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்றுச்செல்லும் பக்கத்துத் தாங்குசெல்லும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, தாங்குசெல்லின் மைட்டோகாண்ட்ரியா புற்றுச்செல்லுக்குள் போய்ச் சேர்வதையும், கீமோதெரபி மருந்து இந்தப் பரிமாற்றத்தைக் கூட்டுவதையும் ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. புற்றுச்செல்லின் பிழையுள்ள மைட்டோகாண்ட்ரியா, அதைத் தாக்க வந்த நோய் எதிர்ப்புச் செல்லுக்குள் புகுந்து அதைச் சோர்வடையச் செய்வதை 2025-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

மைட்டோகாண்ட்ரியாவை அடக்கினால் புற்று அடங்குமா?

நியாயமான கேள்வி. நீரிழிவு நோயாளிகள் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் சுவாசச் சங்கிலியின் முதல் கண்ணியைச் சற்றே தடுக்கும். ஆய்வுக்கூடத்தில் புற்றுச்செல்களை அது ஒடுக்கியதால் பெரிய நம்பிக்கை பிறந்தது. நீரிழிவு இல்லாத 3,649 மார்பகப் புற்று நோயாளிகளைக் கொண்டு, கனடாவின் தலைமையில் ஐந்தாண்டு மருந்து கொடுத்துச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: நோய் திரும்புவதை மெட்ஃபார்மின் தடுக்கவில்லை. அதே கண்ணியை இன்னும் கடுமையாக அடைக்கும் ஐஏசிஎஸ்-010759 என்ற மருந்தை மனிதர்களிடம் சோதித்தபோது, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, நரம்புகள் பாதிக்கப்பட்டன. சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. இதயத்துக்கும் நரம்புக்கும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும். புற்றுக்கு மட்டும் என்று யாரும் தனியாக எதையும் படைக்கவில்லை.

பலித்தவை எவை என்று பாருங்கள். வெனிடோகிளாக்ஸ் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைக்கிறது. 2017-இல் அனுமதி பெற்ற எனாசிடெனிப், திடீர்மாற்றம் அடைந்த ஐடிஹெச்2 நொதியை மட்டும் அடைக்கிறது. அந்த மாற்றம் உள்ள நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு, புற்றுச்செல்கள் சாகாமலே முதிர்ந்து நல்ல வெள்ளணுக்களாகின்றன. எந்தப் பழுது, எந்த நோயாளியிடம், எந்தப் புரதத்தில் என்று கண்டுபிடித்துக் குறிவைத்த இடத்தில்தான் வெற்றி கிடைத்திருக்கிறது.

கடைசியாக, வாட்ஸ்அப்பில் வார்பர்க்கின் படத்தோடு சுற்றும் செய்திகள் பற்றி. சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் செத்துவிடும் என்கிறார்கள். சாதாரண செல்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும்; நாம் சாப்பிடாவிட்டால் கல்லீரல் அதைத் தயாரித்துக் கொடுத்துவிடும். புற்றுச்செல்லோ குளுட்டமின், கொழுப்பு என்று எதையும் எரிக்கக் கற்றது. ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் காப்பாற்றும் என்கிறார்கள். சுகுபாவின் எலிகளில் அத்தகைய ஒரு பொருளான என்-அசிட்டைல்சிஸ்டீன் பரவலைக் குறைத்தது உண்மை. ஆனால் 2015-இல் ஸ்வீடனில் மெலனோமா என்ற தோல் புற்று வந்த எலிகளுக்கு அதே பொருளைக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது பரவல் கூடியது. மனிதர்களிடம், பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்தது. ஆகவே சிகிச்சையில் இருப்பவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்னும், ஒரு சத்து மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னும், தங்களைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீமோதெரபியை நடுவில் நிறுத்திவிட்டு இந்தச் செய்திகளை நம்பிப் போகாதீர்கள்.